டெசர்ட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

உன் மெசேஜைப் பார்த்தேன். சனிக்கிழமை விருந்துக்கு டெசர்ட் உன் பொறுப்பு, வேலை முடிந்து வீட்டுக்கு வரவே ஆறு மணி ஆகும், ஏழரைக்கு அங்கே இருக்கவேண்டும், எல்லாரும் அசந்துபோகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கம்மா என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் கணக்கைச் சரி செய்துகொள். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று பதறுகிறாய். ஏழரைக்கு நீ உள்ளே நுழைந்ததும் யாரும் இனிப்பைக் கேட்கப்போவதில்லை. பேசிக்கொண்டிருந்து, சாப்பிட உட்கார்ந்து, தட்டுகளை எடுத்து முடிக்க ஒன்பதரையாவது ஆகும். மற்றப் பதார்த்தம் எதற்கும் இந்த வசதி கிடையாது. அந்த இரண்டு மணி நேரத்தில் உன் கைக்கு வேலையில்லை, ஆனால் ஃப்ரிட்ஜுக்கு வேலை கொடுக்கலாம். ஆகவே அடுப்பில் வேகவேண்டிய எதையும் யோசிக்காதே. குளிரில் தானாக இறுகுவதாக, வைக்க வைக்க நன்றாக ஆவதாகப் பார்த்து எடு.

இந்தக் கணக்குப்படி சிலதை இப்போதே மனசிலிருந்து எடுத்துவிடு. கேக் வெந்தால் மட்டும் போதாது, முழுசாக ஆறவேண்டும். சூட்டோடு க்ரீம் தடவினால் எல்லாம் வழிந்து ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். சூஃப்ளே, அதாவது முட்டை வெள்ளையை நுரையாக அடித்துச் சேர்த்து உப்ப வேகவைக்கிற பதார்த்தம், அடுப்பிலிருந்து வெளியே வந்த சில நிமிஷத்திலேயே அமுங்கிப்போகும், அதை வண்டியில் ஏற்றுகிற பேச்சே வேண்டாம். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்துச் செய்கிற மெரிங்கே மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காயவேண்டும். கேரமலும் அவசரக்காரிக்கு ஆகாது. பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே சில விநாடிதான், கையில் பட்டால் தோலோடு போய்விடும். இதெல்லாம் விடுமுறை நாளில் செய்து பார்க்கவேண்டியவை.

உனக்கு நான் சொல்வது சாக்லேட் ஷான்டிலி. ஷான்டிலி என்றால் சர்க்கரை சேர்த்து நுரையாக அடித்த க்ரீம், இது அதேபோல அடித்த சாக்லேட். எர்வே தீஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1995-ல் கண்டுபிடித்தது. க்ரீம் கிடையாது, முட்டை கிடையாது, ஜெலட்டின் கிடையாது. சாக்லேட்டும் தண்ணீரும்தான். நீ நம்பமாட்டாய். உருகின சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே திரிந்து கட்டியாகிவிடும் என்று நானே உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது ஒரு சொட்டுக்கு உண்மை. கொஞ்சம் ஈரம் பட்டால் அதிலுள்ள சர்க்கரையும் கோகோவும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டும். தாராளமாகத் தண்ணீர் இருந்தால் எல்லாம் அதில் கரைந்து கலந்து, வழுவழுப்பான சாறாகிவிடும். சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய்தான் இங்கே க்ரீமின் கொழுப்பு செய்கிற வேலையைச் செய்கிறது. குளிரக் குளிர அது இறுகி, நீ அடித்து உள்ளே விடும் காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆறு சின்னக் கப்புக்கு அளவு: 70 சதவீத டார்க் சாக்லேட் 200 கிராம், தண்ணீர் 180 மில்லி, சர்க்கரை இரண்டு மூன்று ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதே. சாக்லேட்டின் கசப்பை அடக்கி வாசனையைத் தூக்கிவிடுவது அதுதான். மில்க் சாக்லேட் வாங்காதே, அதில் தண்ணீரின் கணக்கே வேறு.

ஒரு பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவை. வெறும் ஐஸ் மட்டும் இருந்தால் மேல் கிண்ணத்தை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் சேர்ந்தால்தான் சுற்றிலும் குளிர் ஏறும். அதன்மேல் ஒரு ஸ்டீல் கிண்ணத்தை உட்காரவை. இப்போது சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, தண்ணீர், சர்க்கரை, உப்போடு சின்னத் தீயில் வைத்துக் கிளறு. கொதிக்க வேண்டியதில்லை, கரைந்தால் போதும். அதை அப்படியே ஸ்டீல் கிண்ணத்தில் ஊற்றி விஸ்க்கால், அதாவது கம்பி மத்தால், அடிக்க ஆரம்பி.

முதல் சில நிமிஷம் ஒன்றுமே நடக்காது. தண்ணியாகத் தெறிக்கும், ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். கையை நிறுத்தாதே. கொஞ்ச நேரத்தில் நிறம் மாறுவது தெரியும். கருமை விலகிப் பழுப்பு ஏறும். அடிக்கிற சத்தமும் மாறும், சளசளவென்று கேட்டது மெத்தென்று ஆகும். பிறகு விஸ்க் போன தடம் ஒரு நொடி நின்று மறையும். அந்தத் தடம் மறையாமல் அப்படியே நிற்கத் தொடங்கினதும் உடனே கிண்ணத்தை ஐஸிலிருந்து எடுத்துவிடு. இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும் என்று ஆசைப்பட்டால் மணல்மணலாகிவிடும். எடுத்த பிறகும் அது தானாக இறுகிக்கொண்டே போகும், அதனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே கப்புகளில் போட்டுவிடு.

அப்படியே மணல்மணலாகிப்போனாலும் பயப்படாதே. எல்லாவற்றையும் திரும்ப அடுப்பில் வைத்து உருக்கி, மறுபடி ஐஸ்மேல் வைத்து அடி. எவ்வளவு அடித்தும் கெட்டியாகவில்லை என்றால் கொழுப்பு போதவில்லை என்று அர்த்தம், நாலு துண்டு சாக்லேட் சேர்த்து உருக்கிக்கொள். சட்டென்று கல்லாகிவிட்டால் ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீர் சேர். அவசரத்தில் செய்கிறவளுக்கு இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். கெட்டுப்போனால் குப்பைக்குப் போகாமல் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கிற இனிப்பு அபூர்வம். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும்.

முந்தின நாள் ராத்திரி உனக்குப் பத்து நிமிஷம் கிடைக்குமென்றால் எலுமிச்சை பாசெட்டும், அதாவது எலுமிச்சைச் சாறு சேர்த்து இறுகவைக்கிற க்ரீமும், நல்ல தேர்வு. 600 மில்லி க்ரீமில் 150 கிராம் சர்க்கரை போட்டு, கொதி வந்ததும் மூன்று நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கி, இரண்டு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாற்றைக் கலந்து வடிகட்டிக் கப்புகளில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் வழுவழுவென்று இறுகியிருக்கும். கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாத க்ரீமாக இருக்கவேண்டும், லேசான க்ரீம் சரியாக இறுகாது. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி நீ எந்த நிலைமையில் வீட்டுக்கு வருவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை நம்பி இராதே.

இப்போது அசத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது கப்பும் மேல்பாகமும்தான். கண்ணாடிக் கப்பில் போடு. கீழே நொறுக்கின பிஸ்கட் கொஞ்சம், அதன்மேல் சாக்லேட், மேலே ஒரே ஒரு புளிப்புப் பழம். பழத்தை நறுக்கி ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்தால் அதுவே தன் சாற்றை விட்டுப் பளபளவென்று ஆகிவிடும், தனியாக சாஸ் காய்ச்சவேண்டாம். இதற்குமேல் ஒன்றும் சேர்க்காதே. க்ரீம் ஒரு பூ, சாக்லேட் குச்சி ஒன்று, புதினா ஒரு இலை என்று அடுக்கினால் எதைச் சாப்பிடுவது என்றே தெரியாது. வழுவழுப்பு, மொறுமொறுப்பு, புளிப்பு, இந்த மூன்றும் ஒரே ஸ்பூனில் வந்தால் போதும்.

அலங்காரத்தைச் செய்யவேண்டிய இடம் அவர்கள் வீடு. பழத்தை ஒரு சின்ன டப்பாவில், கோகோ பவுடரை ஒரு பொட்டலத்தில், கூடவே ஒரு டீ வடிகட்டியும் பையில் போட்டுக்கொள். வீட்டிலேயே கோகோவைத் தூவிக் கொண்டுபோனால் வழியிலேயே ஈரம் இழுத்துக் கறுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். பரிமாறுகிற நேரத்தில் எல்லார் முன்னாலும் வடிகட்டியைத் தட்டி மெல்லிசாகத் தூவு. ஒரு நிமிஷ வேலை, ஆனால் பேச்சு நின்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எடுத்துப்போவதைப் பற்றியும் சொல்லவேண்டும், பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். பக்கவாட்டு உயரமான டப்பாவில் கப்புகளை நெருக்கமாக அடுக்கி, இடைவெளிகளில் துண்டைச் சுருட்டி வை. காரில் சீட்டின்மேல் வைக்காதே. சீட் சரிவாக இருக்கும், பிரேக் போட்டால் எல்லாம் முன்னால் வரும். கால் வைக்கிற தரையில் வை.

விருந்து கொடுக்கிறவர்களுக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் போட்டு இரண்டு விஷயம் கேள். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு இடம் கிடைக்குமா? யாருக்காவது ஏதாவது ஒத்துக்காதா? முதல் கேள்வியைக் கேட்காமல் போய் நிற்பது, நிரம்பி வழிகிற அவர்கள் கிச்சனில் இன்னொரு தலைவலி. உன் டெசர்ட் அவர்கள் அடுப்பையோ மிக்ஸியையோ கேட்கவே கூடாது, அதில் நான் கறார். ஸ்பூன்கூட நீயே கொண்டுபோ. இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். பாதாம், முந்திரி போன்றவை சிலருக்கு உயிருக்கே ஆபத்து. நீ நேரடியாகப் போடாவிட்டாலும் சாக்லேட் உறையிலும் பிஸ்கட் உறையிலும் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார். பால் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் உன் கப்பு அவர்களுக்கும் ஆகும், டார்க் சாக்லேட்டிலும் பிஸ்கட்டிலும் பால் சேர்க்கவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்.

இவ்வளவும் படித்த பிறகு, அன்றைக்கு ஆபீஸில் ஏதோ ஆகி நீ ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாய் என்று வைத்துக்கொள். அப்போதும் போன் பண்ணி மன்னிப்பு கேட்காதே. வழியில் நல்ல வெனிலா ஐஸ்க்ரீம் ஒரு டப்பா வாங்கிக்கொள். வீட்டில் 200 மில்லி க்ரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, நறுக்கின சாக்லேட் 150 கிராமின்மேல் ஊற்றி, இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெல்லக் கிளறு. பளபளவென்று சாஸ் வரும். அதை வெந்நீர் ஊற்றிச் சூடேற்றித் துடைத்த பிளாஸ்க்கில் அடைத்து எடுத்துப்போ. ஐஸ்க்ரீம் உருண்டைகள்மேல் மேஜையிலேயே ஊற்று. சூடான சாஸ் குளிர்ந்த ஐஸ்க்ரீமில் பட்டதும் ஓரமெல்லாம் இறுகி, நடுவில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் வாங்கினோமே என்ற கூச்சமே வேண்டாம். ஐஸ்க்ரீமை நீ செய்யவில்லை என்று யாரும் குறை சொல்லப்போவதில்லை, சாஸை நீ செய்தாய் என்பதை எல்லாரும் கவனிப்பார்கள். ஐஸ்க்ரீமை மட்டும் போனவுடன் ஃப்ரீசரில் வைத்துவிடு.

ஒன்றே ஒன்று செய். வியாழக்கிழமை ராத்திரி ஒரு தடவை, பாதி அளவில், உனக்காகச் செய்து பார். தடம் நிற்கிற அந்த நேரம் எப்படி இருக்கும் என்பதை என்னால் எழுதத்தான் முடியும். ஒரு முறை கை அதை அறிந்துகொண்டால் சனிக்கிழமை நீ கடிகாரத்தைப் பார்க்கமாட்டாய். மிச்சமானால் மறுநாள் நீயே சாப்பிடு, ஃப்ரிட்ஜில் நன்றாக இறுகியிருக்கும், அதுவும் ருசிதான்.

மொத்தம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று நீ எழுதவே இல்லை. ஆறு பேருக்கு மேல் என்றால் ஒரே கிண்ணத்தில் இரட்டிப்பு அளவு போடாதே, குளிர் ஏற நேரமாகும், கையும் வலிக்கும். இரண்டு தடவையாகச் செய். எண்ணிக்கையைச் சொல்லு, சாமான் கணக்கை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா