அறிவியல் புனைகதை வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் கிளை நூலக மாடியில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் பேச்செல்லாம் ஹியூகோ விருதுப் பரிந்துரையைச் சுற்றியே இருந்ததால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

புதிய உறுப்பினர்களுக்காக: சிறந்த அறிவியல் புனைகதைகளுக்கு 1953 முதல் வழங்கப்படும் இந்த விருதுக்கு நடுவர் குழு கிடையாது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் சந்தா கட்டி உறுப்பினரானவர்களே பரிந்துரைத்து, அவர்களே வாக்களிக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து படைப்புகள் வரை எழுதலாம். முந்தும் ஆறு இறுதிப் பட்டியலுக்குப் போகும். நம்மில் சந்தா கட்டியவர்கள் சிலர்தான். சண்டை போட்டது எல்லோரும்.

முதல் சண்டை, எல்லோரும் ஒரே பட்டியலை அனுப்பலாமா என்பது. ஓட்டு சிதறாது என்றார் ஒருவர். 2015இல் சில குழுக்கள் அப்படிப் பட்டியல் போட்டுப் பரிந்துரைகளை நிரப்பியதையும், கோபமடைந்த வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருதில்லை' என்று முடித்ததையும் மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சொன்னார். அதைத் தடுக்கத்தான் 2017 முதல் பரிந்துரைகளை எண்ணும் முறையே மாறிவிட்டது. நம் தலைக்கணக்குக்கு விருது ஒன்றும் கவிழ்ந்துவிடாது. ஆனாலும் படித்ததை மட்டும், அவரவர் விருப்பப்படி எழுதுவது என்று முடிவானது.

அப்புறம் நாவல்கள். ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கியின் 'சர்வீஸ் மாடல்' பலருக்குப் பிடித்தது. எஜமானரைக் கொன்றுவிட்டு, ஏன் கொன்றோம் என்றே தெரியாமல் அடுத்த வேலை தேடி அலையும் பணியாள் எந்திரனின் கதை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் எந்திர நாய் ஜீனோவோடு ஒப்பிட்டு ஒரு மாலை முழுதும் போனது. ஜீனோவுக்குத் தன் அறிவின் மேல் கர்வம் உண்டு, இந்த எந்திரன் பணிவினாலேயே நம்மைச் சிரிக்க வைக்கிறான் என்று ஒரு கல்லூரி மாணவி சொன்னது நல்ல கவனிப்பு.

இலங்கையின் வஜ்ர சந்திரசேகர எழுதிய 'ரேக்ஸ்ஃபால்' பற்றித்தான் அதிகம் வாதாடினோம். பிறவி பிறவியாகத் தொடரும் இருவரை உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து தொலைதூர எதிர்காலம் வரை கொண்டுபோகும் நாவல். பாதிப் பேர் புரியவில்லை என்றார்கள். புரியாமலேயே பரிந்துரைத்தவர்களும் உண்டு, நான் உட்பட. ஆனால் அது இறுதி ஆறில் வரவில்லை. சைக்கோவ்ஸ்கிக்கோ இரண்டு இடம். ஆகஸ்டில் சியாட்டிலில் நடந்த விழாவில் ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெயின்டட் கப்' வென்றது. ராட்சதக் கடல் மிருகங்கள் தாக்கும் பேரரசில் நடக்கும் துப்பறியும் கதை. "இதில் அறிவியல் எங்கே?" என்று ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஹியூகோவில் மிகுபுனைவுக்கும் (ஃபேன்டசி) இடமுண்டு என்பதை இத்துடன் பதிவு செய்கிறேன்.

தமிழ்க் கதையைப் பரிந்துரைக்க முடியுமா என்ற கேள்வியும் வந்தது. விதிப்படி எந்த மொழிப் படைப்பும் தகுதி உடையதே. படிக்கத் தெரிந்த வாக்காளர்கள் வேண்டுமே! அதற்கும் வழி இருக்கிறது: முதன்முதலாக ஆங்கிலத்தில் வெளியாகும் ஆண்டைக் கொண்டு மறுபடி தகுதி கிடைக்கும். லியூ சிக்சினின் சீன நாவல் 2008இல் நூலாகி, கென் லியூவின் மொழிபெயர்ப்பு 2014இல் வந்த பிறகுதான் 2015இல் வென்றது. ஆகவே நமக்குக் குறைவது மொழிபெயர்ப்பாளர்கள். இரண்டு உறுப்பினர்கள் ஆளுக்கொரு சிறுகதையை எடுத்திருக்கிறார்கள். எழுத்தாளர்களின் அனுமதி கேட்டுக் கடிதம் போயிருக்கிறது.

ஒரு குறையும் உண்டு. சிறுகதைப் பிரிவை நாம் அநேகமாகக் காலியாகவே விட்டோம். கிளார்க்ஸ்வேர்ல்ட், ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் போன்ற இதழ்கள் இலவசமாகவே படிக்கக் கிடைக்கும்போது இது சோம்பல்தான். இனி ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரைமணி சிறுகதைக்கு. 2026 மாநாடு அமெரிக்காவின் அனஹைமில். சந்தா கட்ட விரும்புவோர் பொருளாளரிடம் இப்போதே பெயர் கொடுக்கவும்.

மாடியைத் திறந்துவிட்ட நூலகருக்கும், வாதம் முற்றும் நேரம் பார்த்து டீ கொண்டுவந்தவருக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்