மாமாவின் ஜெபத்தில் இருந்தவர்களுக்கு

அன்பான சபையாருக்கும் ஊராருக்கும்,

சின்ன மாமா போய் ஒரு மாதமாகிறது. அடக்க ஆராதனையில் நன்றி சொல்ல எழுந்தேன், பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமாவுக்கு டவுன் சின்ட்ரோம். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வருவது. அவர் பிறந்த 1971இல் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. பத்து வயது தாண்டாது என்று ஒரு மருத்துவர் சொன்னாராம். 53 வயது வரை இருந்தார். பாட்டிக்குப் பிறகு அதற்குக் காரணம் நீங்கள்தான்.

முதலில், திருவிருந்து வாங்கத் தகுதி தரும் திடப்படுத்தல் ஆராதனைக்கு அவரைச் சேர்த்த எங்கள் சபைக் குருவான ஐயருக்கு. பத்துக் கற்பனைகளை ஒப்பிக்கத் தெரியாதவருக்கு எப்படி என்று சிலர் கேட்டபோது, நீங்கள் மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "இயேசு எங்க இருக்கார்?" "எங்க வீட்ல." அது போதும் என்றீர்கள். முதல் திருவிருந்து வாங்கிய அன்று மாமா வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்ததை இன்றும் பலர் சொல்கிறார்கள்.

இதை நான் சொல்லியே ஆக வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த இரவு நான் விடிய விடிய ஜெபித்தேன். ஜெபம் என்பதைவிடப் பேரம் என்று சொல்லலாம். மாமா ஒரே வரிதான்: "ஏசப்பா, அக்காவப் பாத்துக்கோங்க, ஆமென்." படுத்துத் தூங்கிவிட்டார். எழுப்பி அழுதேன். "சொல்லியாச்சுல்லா. நீ ஏன் அழுத?" என்றார்.

பதினோராம் நாள் அம்மா இறந்துபோனார். கோபத்தில், "உங்க ஏசப்பா பாத்துக்கிட்டாரா?" என்று கத்தினேன். மாமாவும் அழுதுகொண்டுதான் இருந்தார். அழுகையோடே சொன்னார்: "அவுக வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுதாக." எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மத்தேயு 18இல் பிள்ளைகளைப் போல் ஆகுங்கள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. மாமாவுக்கு வலிக்காமல் இல்லை. வலித்தபோதும் ஏசப்பாவின் கையை அவர் விடவில்லை.

அதன்பின் இரவு ஜெபத்தில், "அக்காட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்பதையும் சேர்த்துக்கொண்டார். இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். ஐயர் சிரித்தார். "அவர் சேதிதானேம்மா சொல்லி அனுப்புறார்" என்றார். அதற்கும் நன்றி, ஐயா.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வருவதுண்டு. மாமாவுக்கும் வந்தது. வழி தெரியாமல் அலைந்தவரைச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து இரண்டு முறை கூட்டிவந்த பனையேறி அண்ணாச்சிக்கும், பேருந்து நிறுத்தத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்த டீக்கடை அக்காவுக்கும், கோயில் விருந்தான அசனத்தன்று முதல் பந்தியில் அவருக்கு இடம் பிடித்து, கறியில் எலும்பெடுத்து ஊட்டிவிட்ட வாலிபப் பிள்ளைகளுக்கும் என்ன சொல்வேன்! கடைசி மூன்று மாதம் ராத்திரி மாற்றி மாற்றித் துணைக்குப் படுத்த பெண்கள் ஐக்கியத்து அக்காமாரே, நீங்கள் இல்லாவிட்டால் நான் விழுந்திருப்பேன்.

என் பெயரை மறந்த பிறகும் இரவில் கைகூப்பினால் மாமாவுக்குப் பெயர்கள் வந்தன. சில நாள் பாதி, சில நாள் நாலைந்து. கேட்கக் கேட்க ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 43 பெயர். உங்களில் பெரும்பாலோர் அதில் இருக்கிறீர்கள். அவரைக் கேலி செய்த ஒருவரும் இருக்கிறார். கடைசிப் பெயர் பால்கார அண்ணாச்சி வீட்டுக் கன்னுக்குட்டி. அது இப்போது இரண்டு ஈற்றுக் கண்ட பசு. இரவு நோட்டைப் பார்த்து வாசிக்கும்போது நானும் கன்னுக்குட்டி என்றே சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா மகள்