ஆண்டறிக்கை: வாங்கிய இரண்டு கிலோ, கொடுக்க வேண்டிய நான்கு கிலோ

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய உள்ள நம் விவசாயிகள் சங்கத்தின் அறிக்கை இது. ஐப்பசி அடைமழையில் தள்ளிப்போன ஒன்றைத் தவிர எல்லா மாதக் கூட்டங்களும் நடந்தன. வாய்க்கால் தூர்வார மனு கொடுத்தோம், இன்னும் பதில் வரவில்லை; மறுபடியும் கொடுப்போம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த முறை நான் அதிகம் பேச வேண்டியது, போன வைகாசியில் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போய்வந்ததைப் பற்றித்தான்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவின் வழியில் வந்த நெல் ஜெயராமன் 2006-இல் ஆதிரெங்கம் கிராமத்தில் தொடங்கிய விழா இது. ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் அவர். கஜா புயல் அடித்த இருபதாம் நாள், 2018 டிசம்பர் 6 அன்று காலமானார். அவர் போன பிறகும் விழா நிற்கவில்லை. அதை நேரில் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

பேசியிருந்த வேன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததால் தொடக்க நிகழ்ச்சியைத் தவறவிட்டோம். உள்ளே நுழையும்போதே பறைச் சத்தம். பந்தலில் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, உவர் நிலத்திலும் விளையும் குழியடிச்சான் என்று வரிசையாகக் கதிர்க்கட்டுகள். காட்டுயானம் என்ற நெற்பயிரை வேரோடு பிடுங்கி நிறுத்தியிருந்தார்கள். நம்மில் உயரமானவர் பக்கத்தில் போய் நின்றார். கதிர் அவர் தலைக்கு மேலே வளைந்து நின்றது. யானை புகுந்தாலும் தெரியாது என்று சொல்வது சும்மா இல்லை. கறுப்புக் கவுனி வைத்திருந்த அம்மா ஒருவர், கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஊதிக் காட்டினார். உமி பறந்ததும் கையில் நாவல்பழ நிறத்தில் நாலு அரிசி மின்னியது. "இதை விற்காதே, விதைக்கு வை" என்று மாமியார் சொல்லிக் கொடுத்ததாம்.

விழாவின் உயிர் விதை வழங்குவதில்தான் இருக்கிறது. பெயர், ஊர் எழுதிக்கொண்டு இரண்டு கிலோ விதைநெல் தருகிறார்கள். காசு கிடையாது. அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேர் வயலுக்குப் போகும். நம்மில் ஏழு பேர் வாங்கினோம்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேருக்கு நன்றாக விளைந்தது. ஒருவர் காட்டுயானத்துக்கு யூரியா போட்டுவிட்டார். ஆள் உயரப் பயிர் அந்த ஊட்டத்தைத் தாங்காது. மார்கழி மழையில் மொத்தமும் சாய்ந்து தண்ணீரிலேயே முளைவிட்டது. போடவேண்டாம் என்று விழாவிலேயே சொன்னார்கள். நானும் ஊருக்கு வந்து மறுபடி நினைவூட்டியிருக்க வேண்டும். மற்ற இருவரின் நெல்லில் கலப்பு வந்துவிட்டது. பூக்கும் சமயம் கலவனை, அதாவது நடுவே முளைத்த வேறு ரகப் பயிரைப் பிடுங்கவில்லை, வேறு நெல் அறுத்த இயந்திரத்தைக் கழுவாமல் அப்படியே இறக்கியும் விட்டார்கள். சாப்பிட அந்த நெல் போதும், விதைக்கு ஆகாது. கலப்பு விதையைத் திருப்பிக் கொடுத்தால் வாங்குகிறவர் வயலும் கெட்டுப்போகும்.

அதனால் செயற்குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. விளைந்த நால்வரும் தங்கள் பங்கோடு, மற்ற மூவருக்காகவும் சேர்த்து 28 கிலோ தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சபையின் சார்பில் நன்றி. ரகம் மாறாமல் தனித்தனிச் சாக்கில், நன்றாகக் காயவைத்து, ரகத்தின் பெயரும் அறுத்த தேதியும் எழுதிய சீட்டோடு சித்திரை முடிவதற்குள் சங்கக் கட்டடத்தில் சேர்க்க வேண்டும். அடுத்த விழாவுக்கு வர விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். இந்த முறை வேன் முந்தின நாள் இரவே புறப்படும்.

நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்