தலைவலி என்று சொல்கிற ஏழு வயதுப் பிள்ளையை நம்புங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது. ஆர்.பி.எஸ்.கே. என்று எல்லோரும் சொல்லும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை ஏறத்தாழ 30 வகைக் குறைபாடுகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அதில் பட்டியல் இருக்கிறது. சொத்தைப் பல் இருக்கிறது, பார்வைக் குறை இருக்கிறது, காதில் சீழ், இரத்தசோகை, வலிப்பு எல்லாம் இருக்கின்றன. நல்ல திட்டம், இதனால் எத்தனையோ பிள்ளைகளின் இதய ஓட்டை சரியான நேரத்தில் தெரியவந்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் தலைவலி இல்லை. பிள்ளை இரவில் எப்படித் தூங்குகிறது என்ற கேள்வியும் இல்லை. அந்த இரண்டுக்காகத்தான் இந்த மடல்.

என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான்கு வயதிலிருந்தே தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். பக்கத்து அறையில் தூங்குகிற பெரியவர்களை எழுப்பிவிடும் சத்தம். ஒரு நிமிடம் நறநறவென்று கேட்கும், அப்புறம் புரண்டு படுப்பாள், வாயைத் திறந்து குறட்டை விடுவாள், மறுபடியும் ஆரம்பிக்கும். அவளுடைய கடைவாய்ப் பால்பற்களில் இருக்க வேண்டிய மேடு பள்ளம் எதுவும் இல்லை, தேய்ந்து தட்டையாகிவிட்டன. காலையில் பல் துலக்கும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு “இங்க வலிக்குதும்மா” என்பாள்.

ஆறு வயதில் தலைவலியும் சேர்ந்துகொண்டது. முதலில் முகம் வெளிறும். நெற்றியை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொள்வாள். “லைட்ட நிறுத்தும்மா” என்பாள். வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுப்பாள். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் தோசை கேட்பாள்.

இந்தக் கடைசி விஷயம்தான் பிள்ளைகளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. காய்ச்சல் என்றால் உடம்பு சுடும், அம்மை என்றால் கொப்புளம் தெரியும். தலைவலியில் பார்க்க எதுவுமில்லை. போதாததற்கு, சீக்கிரம் தெளிந்து ஓடி விளையாடவும் செய்கிறது பிள்ளை. உடனே “காலைல நல்லாத்தானே இருந்தா? கணக்குப் பாடம் வந்ததும் தலைவலியா?” என்ற கேள்வி வருகிறது. எங்களிடமும் கேட்டார்கள். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது இங்கே முக்கியமில்லை. எந்தப் பள்ளியிலும் இதையேதான் கேட்டிருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற ஆசிரியரைக் குறை சொல்லி இந்த மடலை எழுதவில்லை.

மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி பெரியவர்களுக்குத்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிலேயே 100-க்கு 3 பேருக்கு இருக்கிறது என்பது மருத்துவ நூல்களில் பல காலமாக உள்ள கணக்கு. வயது ஏற ஏற அது கூடுகிறது. சின்ன வயதில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய சமமாக வருகிறது, பருவமடைந்த பிறகுதான் பெண்களுக்கு அதிகமாகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறத்தாழ பாதி வாய்ப்பு. எனக்கு இருக்கிறது, என் அம்மாவுக்கும் இருந்தது. நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு இருட்டறையில் படுத்திருப்பார், நாங்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம்.

குழந்தைகளுக்கு இது பெரியவர்களைப் போலவே வருவதில்லை. எங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் இடிக்கும், பிள்ளைகளுக்கு நெற்றி முழுக்கவோ இரண்டு பொட்டிலுமோ வலிக்கும். பெரியவர்களுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் நீடிக்கும் என்பது இலக்கணம். பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்திலேயே முடிந்துவிடலாம் என்று சர்வதேசத் தலைவலி வகைப்பாடே ஏற்றுக்கொள்கிறது. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குத் தலையே வலிக்காமல் தொப்புளைச் சுற்றி வலி வரும், முகம் வெளிறும், குமட்டும், சாப்பாடு இறங்காது. வயிற்று மைக்ரேன் என்றே அதற்குப் பெயர். வயிற்று வலி என்று சொல்லி அடிக்கடி வீட்டுக்குப் போகிற பிள்ளைகளில் சிலருக்காவது உண்மையில் இருப்பது இதுதான். வயிற்றிலும் ஒன்றும் தெரியாது, ஸ்கேனிலும் ஒன்றும் வராது. கடைசியில் “ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்குது” என்ற பெயர்தான் மிஞ்சும்.

சரி, பல் கடிப்பதற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெருவில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: “பூச்சி இருக்கு, மருந்து கொடு.” மாமியார் சொன்னார், மருந்துக் கடைக்காரர் சொன்னார், சத்துணவு ஆயாவும் சொன்னார். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறீர்கள். அது அவசியம், இரத்தசோகை குறைய அது உதவுகிறது. என் மகளும் சப்பிச் சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் பல் கடிப்பதற்குக் காரணம் பூச்சிதான் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மாத்திரை கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் மற்ற காரணங்களை யாரும் தேடுவதில்லை, அதுதான் என் கவலை.

தூக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் மூளை தூக்கத்திலிருந்து சில நொடிகள் மேலே வந்து போகும் தருணங்களில் நடக்கிறது. நிறையப் பிள்ளைகளிடம் இருக்கிறது, பெரும்பாலும் பால்பல் விழுந்து நிலைப்பல் வரும் காலத்தில் தானாகவே குறைந்துவிடும். அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தூக்கம் ஏன் அடிக்கடி கலைகிறது என்று கேட்டே ஆக வேண்டும். டான்சிலோ மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ வீங்கி மூச்சை அடைக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை வாயால் மூச்சு விடும், குறட்டை விடும், படுக்கை முழுக்கப் புரளும், பகலில் வகுப்பில் கொட்டாவி விடும். அதைச் சரிசெய்த பிறகு பல் கடிப்பது குறைந்துபோன பிள்ளைகள் உண்டு. பயம், வீட்டுச் சண்டை, பரீட்சை, புதுப் பள்ளி ஆகியவையும் காரணமாகலாம். வீட்டுக்குள் யாராவது புகைபிடித்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சாயங்காலம் பிள்ளைக்கு ஒரு டம்ளர் காபியோ டீயோ கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம், அதையும் விட வேண்டும்.

பல் கடிப்பதால்தான் மைக்ரேன் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆனால் இரவெல்லாம் தாடைத் தசை இறுகியிருந்தால் காலையில் பொட்டு வலிக்கும், தூக்கம் கெட்டால் மைக்ரேன் உள்ள பிள்ளைக்கு வலி கிளம்பும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் அடிக்கடி சேர்ந்தே காணப்படுகின்றன. பல் மருத்துவர் பல்லைப் பார்க்கிறார், குழந்தை மருத்துவர் தலைவலியைக் கேட்கிறார், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் யாரும் போவதே இல்லை. பள்ளிக்கு வரும் பல் முகாமில் தேய்ந்த பற்களைப் பார்க்கும் இளம் மருத்துவர் “நல்லா பிரஷ் பண்ணணும்” என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், “ராத்திரி குறட்டை விடுவியா? காலைல எழும்போது தலை வலிக்குமா?” என்று கேட்டால் போதும். இரண்டு வினாடி வேலை, பாதிக் கதவு திறந்துவிடும்.

இப்போது பள்ளியின் பகல் பொழுதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்ரேன் உள்ள பிள்ளைக்கு எது ஆகாது என்று மருத்துவரிடம் கேட்டால் பட்டினி, தாகம், வெயில், தூக்கக் குறைவு என்று சொல்வார். இவை நான்கும் ஒரு பள்ளி நாளில் எவ்வளவு சுலபமாகச் சேர்ந்துவிடுகின்றன பாருங்கள். ஆறு மணிக்கு எழுப்பி, அரை இட்லியோடு வேனில் ஏற்றி, திறந்த மைதானத்தில் காலை வழிபாட்டுக்கு நிறுத்துகிறோம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவான காலை உணவுத் திட்டம் எத்தனை பிள்ளைகளின் தலைவலியைக் கணக்கில் வராமலே தடுத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதற்காக மனதார நன்றி.

தண்ணீர் விஷயம் அப்படியில்லை. பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் தண்ணீர் மணி கேரளத்தில் 2019-ல் வந்தது, அது இங்கேயும் அடிக்கிறது. ஆனால் மணி அடித்தால் மட்டும் பிள்ளை குடித்துவிடாது. என் மகளின் பாட்டில் பல நாள் நான் நிரப்பிக் கொடுத்தபடியே வீடு திரும்பும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், “குடிச்சா பாத்ரூம் வரும்மா” என்பாள். அந்தக் கழிப்பறைக்குப் போக அவளுக்கு அருவருப்பு. தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாற்றம். அவளுடைய தோழிகளும் இதையேதான் சொல்கிறார்கள். தலைவலிக்கு மருந்து எழுதுகிற மருத்துவரால் பள்ளிக் கழிப்பறையைக் கழுவிவைக்க முடியாது. உங்களால் முடியும்.

அடுத்து மாத்திரை. குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ வலி ஆரம்பித்த உடனே கொடுத்தால்தான் கேட்கும். வலி முற்றி வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. ஆனால் பள்ளியில் ஆசிரியர் மாத்திரை தரக் கூடாது. அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஒவ்வாமை வந்தால் யார் பொறுப்பு? அதனால் பள்ளி எனக்கு போன் செய்கிறது, நான் வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அவள் பெஞ்சில் தலை கவிழ்த்தபடி, சுற்றிலும் இரைச்சலோடு, தலைக்கு மேல் டியூப் லைட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவரின் சீட்டும் பெற்றோரின் கையெழுத்தும் இருந்தால், தலைமை ஆசிரியர் அறையில் பூட்டிவைத்த மாத்திரையைக் கொடுக்கலாம் என்று ஒரு தெளிவான அரசாணை வேண்டும். எந்தப் பிள்ளை, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுதட்டும். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரைஸ் நோய்க்குறி வரும் ஆபத்து அதில் இருக்கிறது. எந்த வலி மாத்திரையும் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் போனால் அதுவே தலைவலியைக் கூட்டும் என்பதையும் அந்த ஆணையிலேயே சேர்த்துவிடுங்கள்.

தினசரி மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாமே என்று நானும் மருத்துவரிடம் கேட்டேன். அவர் 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். மைக்ரேன் உள்ள 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு அமிட்ரிப்டிலின் என்ற மருந்து, ஒரு பகுதிக்கு டோபிரமேட் என்ற மருந்து, ஒரு பகுதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 61 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. மருந்து சாப்பிட்டவர்கள் அதைத் தாண்டவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. இதைக் கேட்டு “அப்போ எல்லாம் மனசுதான்” என்று யாராவது சொன்னால் அது தவறு. வலி உண்மைதான். ஒழுங்கான தூக்கம், வேளைக்கு உணவு, தொடர்ந்து கவனிக்கிற ஒரு மருத்துவர், நம்புகிற பெரியவர்கள் இவையெல்லாம் இருந்தால் வளரும் மூளை தேறுவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். இரவு பத்து மணி வரை வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

எந்தத் தலைவலியையும் மைக்ரேன் என்று முத்திரை குத்திவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடிகாலை வாந்தி, நாளுக்கு நாள் கூடும் வலி, நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளை தலைவலி என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அதையும் தள்ளிப்போடக் கூடாது. இது ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஒரு மணி நேரப் பயிற்சியில் சொல்லித்தரக்கூடிய விஷயம்தான்.

ஆர்.பி.எஸ்.கே. குழுவின் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: கடந்த மூன்று மாதத்தில் தலைவலியாலோ வயிற்று வலியாலோ எத்தனை நாள் பள்ளி தவறிப்போயிற்று, இரவில் குறட்டையோ பல் கடிப்போ உண்டா, குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா. மூன்று மாதத்தில் இழந்த பள்ளி நாட்களைக் கேட்பது உலகெங்கும் குழந்தைத் தலைவலியை அளக்கும் வழிதான். “உண்டு” என்று பதில் வந்த பிள்ளையை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புங்கள், அங்கே குழந்தை மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதானே திட்டம். பள்ளியில் விளக்கை அணைத்துப் பாய் விரித்து ஒரு பிள்ளை அரை மணி நேரம் படுக்க ஒரு மூலை ஒதுக்குங்கள். தலைவலிக்காக விடுப்பு எடுத்த நாளை வைத்து, முழு வருகைப் பரிசு வாங்கும் மற்ற பிள்ளைகள் முன்னால் அந்தப் பிள்ளையை நிறுத்திப் பேசாதீர்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது மருத்துவக் குழுக்களுக்குப் புதுப் படிவம் அச்சாகும் என்று கேள்விப்பட்டேன். அது அச்சுக்குப் போகும் முன் இந்த மடல் உங்கள் மேசைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் இப்போதே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்
திருச்சிராப்பள்ளி