அருவியைக் காட்டினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்ணை மூடி மாட்டினால் வேறோர் இடத்தில் இருப்பதுபோலக் காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிவிட்டு, அருவியும் கடற்கரையும் காட்டி, மன அழுத்தத்துக்குச் சிகிச்சை என்று காசு வாங்குவது இப்போது பெருகி வருகிறது. நாள்பட்ட வலியோடு வருபவர்களைத் தினமும் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான், இதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

காட்சியால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயக் கட்டு மாற்றும்போது நோயாளிகளுக்கு ஒரு பனி உலகத்தைக் காட்டினார்கள், பனிப்பந்து எறிவதில் கவனம் போனதால் வலி குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது அந்த நேரத்து உதவி. வீட்டுக்குப் போன பிறகும் நிம்மதி வேண்டும் என்றால் உடம்பு அதைப் பழக வேண்டும், அதற்குத்தான் பயோஃபீட்பேக், அதாவது உடம்பில் நடப்பதை அளந்து அவருக்கே காட்டிப் பழக்கும் முறை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். நிமிடத்துக்கு 6 மூச்சு அளவில் நிதானமாக விட்டால் பெரும்பாலானவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும், அதை அளந்து அப்போதைக்கப்போது கண்முன் காட்டினால் தன் மூச்சு என்ன செய்கிறது என்று அவரே புரிந்துகொள்வார்.

2021 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏ, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஈஸ்விஆர்எக்ஸ் என்ற விஆர் பயிற்சியை அனுமதித்தது. 8 வாரம், 56 அமர்வுகள், நீளமான அமர்வே 16 நிமிடம்தான். மூச்சை அறிய, விடும் மூச்சை ஹெட்செட்டின் மைக்குக்கே திருப்பிவிடும் ஒரு சின்னப் பாகம் அதில் உண்டு. 179 பேரிடம் நடந்த ஆய்வில், இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் 66 சதவீதத்தினருக்கு வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இன்னொரு குழுவுக்கும் ஹெட்செட் கொடுத்தார்கள், ஆனால் வெறும் இயற்கைக் காட்சிதான், பயிற்சி கிடையாது. அவர்களில் 41 சதவீதத்தினருக்குத்தான் வலி அந்த அளவு குறைந்தது. இங்கே நிறைய இடங்களில் விற்பது இந்த இரண்டாவது வகையைத்தான்! அப்புறம், பயிற்சி எடுத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன, அதையும் முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

அதனால் பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: என் மூச்சையோ நாடியையோ இது அளக்கிறதா? ஹெட்செட் இல்லாமல் செய்ய எனக்குச் சொல்லித் தருவீர்களா? நம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் வலி சிகிச்சைப் பிரிவுகள் இதை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும், மூச்சை அறிய ஒரு மைக்கே போதும் என்னும்போது செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட், மதுரை