வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கே நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி.

நம் பெயரைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது.

ஆமாம், அந்த ஆறெழுத்து டாட் காம் இணைய முகவரிதான், நம் டொமைன். 2009-இல் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் தலைக்கு 250 ரூபாய் போட்டு, அண்ணன் கார்டில் பதிந்தோமே, அதே. நீ ஷார்ஜா போன பிறகு மறந்தே போயிருப்பாய். நான் விடாமல் ரின்யூவல் கட்டிக்கொண்டு வருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மெயில் வந்தது. இரண்டே வரி. டொமைன் விற்பனைக்கா, 300 டாலர் தருகிறோம் என்று. அனுப்பியவர் சாதாரண ஜிமெயில் ஐடி, கம்பெனிப் பெயர் கிடையாது. டொமைன் வாங்கி விற்கும் இந்த வேலையில் எட்டு வருஷம் இருந்துவிட்டேன். இப்படி முகம் காட்டாமல் வந்தால் பின்னால் பெரிய கை இருக்கப் பல நேரம் வாய்ப்புண்டு. அன்று பதிலே போடவில்லை. தேடினேன். நம் பெயருக்கு முன்னால் ‘கெட்’ சேர்த்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனி 2021-இல் பிறந்ததிலிருந்து சைட் நடத்திக்கொண்டிருக்கிறது. முன்னாலோ பின்னாலோ ஒரு சொல்லை ஒட்டவைத்து ஓட்டுகிறவர்களுக்கு வெறும் பெயர் மேல் என்றைக்கும் ஒரு கண். டெஸ்லாவே 2016 வரை டெஸ்லாமோட்டார்ஸ் டாட் காமில்தான் இருந்தது.

2021 என்று பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. ட்ரேட்மார்க் வைத்திருப்பவர் ஒரு டாட் காமைப் பிடுங்க வேண்டுமானால், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த விதிப்படி மூன்றையும் காட்ட வேண்டும்: பெயர் தங்கள் மார்க்கைப் போலவே இருக்கிறது, டாட் காம் வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். 2021-இல் பிறந்த கம்பெனியை நினைத்து 2009-இல் யாரால் பதிய முடியும்? அப்படியும் நாமாகப் போய் அவர்கள் கதவைத் தட்டி விலை சொல்லியிருந்தால் அதையே நம் மேல் திருப்பப் பார்ப்பார்கள். நல்லவேளை, அவர்களாக வந்தார்கள்.

நாலு நாள் கழித்து ஒரு வரி எழுதினேன். இது சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பெயர், அந்த விலைக்குக் கொடுக்க மாட்டோம் என்று. தொகை எதுவும் சொல்லவில்லை. 1,000 என்றார்கள். அப்புறம்தான் நான் 12,000 என்றேன்.

ஒன்பது நாள் சத்தமே இல்லை மாப்ள. ராத்திரி எழுந்து எழுந்து மெயில் பார்த்தேன். ஆனால் விலை சொன்னவன் மறுபடி தானாக வாய் திறந்தால் விலையைத் தானே இறக்கிவிடுவான். மாட்டுத்தாவணியில் பூ வாங்கும்போது அத்தை விலை கேட்டுவிட்டுக் கூடையைப் பிடித்தபடி பேசாமல் நிற்பார்களே, பூக்காரம்மா தாங்க முடியாமல் அவர்களாகக் குறைப்பார்களே, அதை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் 3,500 என்று வந்தது. இந்த முறை கம்பெனி மெயிலிலிருந்து, பெயரும் பதவியும் போட்டு. நான் 8,000-க்கு இறங்கினேன். நேற்று 6,000 என்றார்கள். எஸ்க்ரோ செலவு அவர்களுடையது. பணம் முதலில் நடுவில் இருக்கும் எஸ்க்ரோவுக்குப் போகும், பெயரை நாம் மாற்றிக் கொடுத்து, கைக்கு வந்தது என்று அவர்கள் சொன்ன பிறகு நமக்கு வரும். வெள்ளிக்கிழமை வரை டைம்.

நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். பாதி உன்னுடையது, அதில் பேச்சே இல்லை.

ஆனால் ‘சரி’ என்று அடிக்கக் கை வரவில்லை. அந்தப் பெயரை உன் அப்பாதான் சொன்னார். சாயப்பட்டறைத் திண்ணையில், விரல் நகமெல்லாம் சிவப்பாக, சுங்குடிச் சேலையின் முடிச்சு ஒன்றைப் பிரித்துக் காட்டி, உள்ளே சாயம் ஏறாமல் நின்ற வெள்ளைப் பொட்டைத் தொட்டு, இதைப் பெயராக வை என்றார். சேலைகளை நாமே நேராக விற்கலாம் என்று நோட்டில் கணக்குப் போட்டோம். சைட் வரவேயில்லை. அவரும் போய்விட்டார். நாம் பதிந்த அந்த இன்னொரு பெயர் 2014-இல் கைவிட்டுப் போனது. கார்டு காலாவதி, எச்சரிக்கை மெயில் நான் பார்க்காத பெட்டிக்குப் போனது, மீட்க இருந்த 30 நாளும் தெரியாமலே கழிந்தது, அதன்பின் ஐந்து நாளில் யாரோ பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இதை மட்டும் விடக் கூடாது என்று ஐந்தைந்து வருஷமாகக் கட்டுகிறேன்.

உசி நிஸ்ஸான் என்று ஒருவர் இருந்தார். குடும்பப் பெயரில் நிஸ்ஸான் டாட் காமை 1994-இல் பதிந்தவர். 1999-இல் கார் கம்பெனி வழக்குப் போட்டது. வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். 2020-இல் அவர் சாகும்வரை அவரிடமேதான் இருந்தது. இந்த வாரம் முழுக்க அவர் ஞாபகம்தான்.

அதே சமயம் உன் கடன் எனக்குத் தெரியும். அத்தையின் ஆஸ்பத்திரிச் செலவும் தெரியும். விற்கலாம் என்று நீ சொன்னால் ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். உன் அப்பா வைத்த பெயர், முடிவு உன்னுடையது. அத்தையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

இன்னொன்று. பதிவில் இருப்பது காலேஜில் நீ வைத்திருந்த அந்த மெயில் ஐடி. விற்பதானால் ஒப்புதல் கேட்டு வரும் மெயில் அங்கேதான் வரும். எப்படி முடிவெடுத்தாலும் சரி, இன்று ராத்திரியே அது திறக்கிறதா பார். பாஸ்வேர்டு என் பைக் நம்பர்தானே வைத்திருந்தாய்? 4471.

உன்,
மச்சான்