வேலையை விடுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. வேலையை விட்டுவிட்டு ஊரில் வந்து விவசாயம் பார்க்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போனில் பேசினால் நானும் ஒன்று அழுவேன், இல்லை திட்டுவேன். அதனால்தான் கடிதம்.

நம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் படித்துவிட்டு வயலுக்குத் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கினால் மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018-இல் போய்விட்டார். வழக்கம் இந்தப் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. கீழத்தெருப் பையன் கருப்புக் கவுனி நெல் விதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறான். "போட்டிக்கு நீயே ஆள் சேர்க்கிறியேடா" என்றேன். "என் வயல் வெள்ளத்துல போச்சுன்னா அவங்ககிட்ட விதை இருக்கும்ல பெரியம்மா" என்கிறான்.

நாங்கள் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்றுதான் கேட்போம். இவர்கள் மாவுக்கு எவ்வளவு செலவு என்கிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று அப்பா பழமொழி சொன்னால், ஏன் மிஞ்சவில்லை என்று பார்க்கத்தானே மாமா கணக்கு என்று நோட்டை நீட்டுகிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று கொள்முதல் நிலையத்தில் தள்ளிவைக்க, நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு அப்பா காவல் கிடந்தது உனக்கே தெரியும். இவர்கள் அரைத்து அரிசியாக விற்கிறார்கள். விலையைத் தாங்களே சொல்லக் கூச்சப்படுவதில்லை. எங்களுக்கு அந்தத் தைரியம் வந்ததே கிடையாது.

எல்லாரும் அப்படி இல்லை. இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுத்த நம்மாழ்வார் பெயரை நாளைக்கு நாலு தடவை சொல்கிறவன், களை பறிக்கும் பெண்களிடம் கூலியில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறான். களைக்கொல்லி அடிக்கவில்லை என்றால் யாரோ குனிய வேண்டும், தம்பி. குனிவது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள். இயற்கை விவசாயம் பேசும் கூட்டத்தில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்யாணப் பேச்சும் இருக்கிறது. பையன் விவசாயம் என்றதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், நிலம் வைத்திருக்கிறவர்களே. அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்களுடைய அம்மாக்கள் சிரிப்பதில்லை.

அதனால் இப்போதே வேலையை விடாதே. ஆவணியில் விதைப்புக்கு வா. வடக்கு வயலில் ஒரு மா உனக்கு விடச் சொல்கிறேன், மாப்பிள்ளைச் சம்பா போடு. 160 நாள் பயிர், ஆளுயரம் வளரும். உரத்தைக் கொட்டினால் சாய்ந்துவிடும். ஐப்பசியில் லீவு போட்டு வந்து, அடைமழையில் தண்ணீர் வடிய வைப்பதையும் நீயே செய். களைக்கூலியை உன் கையால் கொடு. தை அறுப்பு முடிந்ததும் உன் நோட்டோடு அப்பா முன்னால் உட்கார். அதுவரை அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்
அம்மா